சின்னத்திரைப் போர்க்களமும் சிந்தும் கண்ணீரும்

1988 அக்டோபர் முதல் 1990 வரை ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மகாபாரத்' தொடரை நம் பகுதிச் சிற்றூர்களிலும் மக்கள் கூடியிருந்து கண்டனர். உரையாடலோ இந்தி, கண்டவருள் பெரும்பாலோர் அம்மொழி அறியாதவர். ஆயினும் கர்ணன் வீழ்ந்தபின் குந்தி கதறும் காட்சியில் கண் கலங்காதவர் சிலரே. மொழி விளங்காத நாடகம் நெஞ்சை நெகிழ்வித்தது எவ்வாறு?

விடை நம் மண்ணிலேயே உள்ளது. திருவள்ளூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது நெடுநாள் மரபு. அபிமன்யு வதத்தையும் கர்ண மோட்சத்தையும் விடியவிடியக் கண்டு பழகியோர்க்குக் கதை புதிதன்று. அடுத்துச் சாகப்போவது யார் என்பதும் தெரியும். எனினும் அழுவார்கள். விழா நிறைவில் வருவது படுகளம். அங்கே களிமண்ணால் பேருருவாகச் சமைத்துக் கிடத்தப்படுபவன் வென்ற தருமன் அல்லன், தோற்ற துரியோதனன். அவனுக்காகவும் ஒப்பாரி எழுகிறது. பகைவனையும் பெற்றவள் ஒருத்தி உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரங்கும் காட்டியதாக நாம் அறியோம்.

போர் நாடகத்தில் உள்ளத்தை உலுக்குவது அம்பு பாயும் கணமன்று, பாய்ந்தபின் சூழும் அமைதியே என்பது நம் துணிபு. அத்தொடருக்கு உரையாடல் எழுதிய ராஹி மாசூம் ரசா இதனை நன்குணர்ந்தவர். உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டத்தவர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தவர். 1965ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கர விருது பெற்ற அப்துல் ஹமீதும் அதே மாவட்டத்தவரே. அவ்வீரரின் வரலாற்றை நூலாக வடித்தவரும் ரசாவே! நூறு மக்களை இழந்த காந்தாரியின் புலம்பலை எழுதியது, தம் மாவட்டத்து எளிய வீரர் ஒருவரின் வாழ்வையும் சாவையும் முன்பே எழுதிப் பார்த்த கை. ஒரு முஸ்லிம் பாரதம் எழுதலாமா என்று அந்நாளில் கேட்டோரும் இருந்தனர். அவர்களுக்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு முதல் விஜய் தொலைக்காட்சியில் பாரதக்கதை மீண்டும் தொடராக வந்தது. இம்முறை தமிழிலேயே பேசினர். கணினி வரைகலையால் வானம் நிறைய அம்புகள் பறந்தன, வியந்தோம். ஆனால் ஒரு வீரன் சாயும்போது அவன் முகத்தை ஒருமுறை, பகைவர் முகத்தை ஒருமுறை, மீண்டும் அவன் முகத்தை ஒருமுறை எனக் காட்டி, இடியோசை போன்ற இசையையும் கொட்டினால் அழுவதற்கு இடம் ஏது? அழ முற்படும்போது விளம்பரம் வந்துவிடுகிறது. இது ஒரு தொடரின் குறை மட்டுமன்று. இன்றைய போர்த் தொடர்கள் பலவற்றின் போக்கும் இதுவே. ஓசைக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்பங்கையேனும் ஓசை அடங்கிய பின்னுள்ள பொழுதுக்கு ஒதுக்குமாறு தொடர் எடுப்போரை வேண்டுகிறோம்.

இதனை நாம் வெறும் சுவை பற்றிய செய்தியாகக் கருதவில்லை. தொலைக்காட்சியில் குருச்சேத்திரப் போர் ஓய்ந்த அதே 1990இல், ஜூன் திங்களில், இலங்கையில் போர் மீண்டும் மூண்டது. கடல் கடந்து வந்தோருள் பல குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் தங்கின. அருகே சிப்காட் தொழிற்பேட்டை. இரவும் பகலும் ஆலைகளின் இரைச்சல். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. அங்குள்ள வீடுகளிலும் மாலையில் நாம் காணும் தொடர்களே ஓடுகின்றன. விமானம் தாழப் பறந்தால் நமக்கு அது காட்சி; பதுங்குகுழியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்க்கு அது நினைவு.

அம்முகாமில் பிறந்து வளர்ந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் பாட்டியைப் பற்றி ஒருமுறை கூறினார். திரையில் சண்டை தொடங்கியதும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். மகன் இறந்த செய்தி கேட்டுத் தாய் அமர்ந்திருக்கும் காட்சி வந்தால் மட்டும் தாமே உள்ளே வந்து, அது முடியும்வரை நின்று பார்ப்பாராம். வெளியே இருப்பவர்க்கு அக்காட்சி வந்தது எவ்வாறு தெரியும் என வினவினோம்.

"சத்தம் நின்றுவிடும் ஐயா" என்றார் மாணவர்.