இல்லமும் விஞ்ஞானமும்: கணினிப் பெட்டிக்குள் காற்று

கோடைக்காலத்தைப் பற்றி நாகபுரியிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 45 டிகிரியைத் தொடும் மே மாதத்து வெயிலில் நாம் தவிப்பது போலவே, வீட்டிலுள்ள மேசைக் கணினியும் தவிக்கின்றது. பிள்ளைகளின் படிப்புக்கென்று, பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. அது மந்தமானாலும், தானே அணைந்தாலும், பழையதாகிவிட்டதென்று கருதிப் புதியது வாங்க முனைவோர் பலர். அதற்கு முன், பெட்டிக்குள் காற்று செவ்வனே செல்கின்றதா என்று ஆராய்தல் நலம்.

கணினி கொள்ளும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. 200 வாட் கொள்ளும் கணினி, 200 வாட் அடுப்பொன்றைச் சிறு பெட்டிக்குள் வைத்ததற்கு ஒப்பாகும். பிராஸஸரின் உஷ்ணம் 100 டிகிரியை நெருங்கினால், பெரும்பாலான பிராஸஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உஷ்ணம் மேலும் ஏறினால் இயந்திரமே அணைந்துவிடும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசலும் கொல்லையும் நேராக அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு வழியாக வந்த காற்று மறு வழியாகப் போனால்தான் வீடு குளிரும். கணினிப் பெட்டிக்கும் அதுவே விதி. முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். சூடேறிய காற்று பின்புறத்தின் மேற்பகுதி வழியே வெளியேற வேண்டும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். எதிரெதிராகக் காற்றைத் தள்ளும் நான்கு விசிறிகளால் பயன் குறைவே. விசிறியின் மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் எப்பக்கம் உள்ளனவோ, அப்பக்கமே காற்று வெளிவரும். உள்ளே தொங்கும் கம்பி வடங்களை ஓரமாகக் கட்டிவைத்தால் காற்றுக்குத் தடையிராது.

வட இந்தியாவின் புழுதி மற்றொரு பகை. உள்ளிழுக்கும் காற்று வெளித்தள்ளும் காற்றினும் சிறிது மிகுந்திருந்தால், இடுக்குகள் வழியே தூசி புகுவது குறையும். முன்புற வலையை மாதமொருமுறை துடைத்தால் போதும். உட்புறத்தைச் சுத்தம் செய்யுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ அலமாரிக்குள் அடைத்தோ வைத்தலாகாது. நான்கு புறமும் ஒரு சாண் இடம் விடுக. சில பெட்டிகளில் பவர் சப்ளை அடிப்புறத்திலிருந்து காற்றை இழுக்கும்; அவற்றைக் கம்பளத்தின் மீது வைத்தால் அவ்வழி அடைபடும். தண்ணீர்க் கூலரின் எதிரே வைப்பதும் தகாது. அதன் ஈரக்காற்றும் நீர்த்துளியும் மின்கருவிக்கு ஆகா.

குறை எங்குள்ளதென்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. உஷ்ணநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. கணினியைச் சிறிது நேரம் கடினமாக உழைக்கச் செய்து, உஷ்ணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதை நிறுத்தி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அவ்வேலையையே மீண்டும் கொடுங்கள். உள்ளே மட்டும் கை வைக்கலாகாது. உஷ்ணம் வெகுவாகக் குறைந்தால் காற்று வழியில்தான் கோளாறு. குறையாவிடின், பிராஸஸரின் மேலுள்ள குளிர்விப்பானில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது அதனடியிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பசையை மாற்றச் செலவு சொற்பமே. சோதனை முடிந்ததும் தகட்டை மூடிவிடுக. திறந்த பெட்டியில் புழுதி விரைந்து சேரும்.

எத்தனை விசிறி வைப்பினும், அறையின் உஷ்ணத்துக்குக் கீழே பெட்டியைக் குளிர்விக்க அவற்றால் இயலாது. ஆகவே கடும் பகலில் கனத்த வேலைகளை ஒத்திவைத்து, விடியற்காலையிலோ இரவிலோ செய்துகொள்ளுமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். இவையனைத்தும் செய்த பின்னரும் கணினி மந்தமாகவே இருக்குமாயின், அப்பொழுது கடைக்குச் செல்லலாம்.