ஆளைக் குறைக்கலாம், மரியாதையைக் குறைக்கலாமா?



சில மாதங்களுக்கு முன்பு, கோட்டுவீராம்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிறு வணிகர் ஒருவர் பருப்பு மூட்டை எடுக்க நமது மண்டிக்கு வந்திருந்தார். வண்டியில் சரக்கு ஏறும் வரை பேசிக் கொண்டிருந்தோம். "அண்ணா, பத்து வருசமா மாசப் பற்று வச்சு வாங்குன வீடுங்க. போன மாசம் பாக்கியை முழுசாத் தீர்த்துட்டு, இனிமே நோட்டு வேண்டாம்னுட்டாங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அரைக் கிலோ, கால் கிலோன்னு சில்லறையா வாங்கறாங்களாமுங்க. நம்ம சரக்குல ஏதாச்சும் குறைங்களாண்ணா?" என்று வருத்தப்பட்டார்.

சரக்கில் குறையில்லை. அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் வட்டார அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயரும் வந்துவிட்டது. இது பிறகுதான் தெரிந்தது. பாக்கி வைத்துவிட்டுக் கடையை மாற்றுகிறவரை நமக்குத் தெரியும். பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கடையை மாற்றுகிறவர் மானஸ்தர். தெரிந்த கடைக்காரர் முன்னால் கால் கிலோ கேட்க அவருக்குக் கூச்சம்.

பெட்ரோல் கம்பெனியில் ஆளைக் குறைத்தால் மளிகைக் கடைக்காரனுக்கு என்ன என்று இனியும் கேட்க முடியாது. பத்திரிகையில் செய்தி வருவதற்கு முன்பே நமது பற்று நோட்டில் அது வந்துவிடுகிறது.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் 4,700 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம், 2026 முடிவதற்குள் தனது ஊழியர்களில் 15 முதல் 20 சதவீதம் வரை குறைக்கப் போவதாகச் சொன்னது. அதே செவ்ரான்தான் 2024-இல் பெங்களூரில் 100 கோடி டாலர் முதலீட்டில் பெரிய மையம் அமைப்பதாக அறிவித்தது. செலவு எங்கே குறைகிறதோ அங்கே வேலை போகிறது. திம்பம் மலை ஏறி மைசூர் வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நமது பிள்ளைகளுக்கு இன்று இது லாபம். ஆனால் இன்று இங்கே வந்த வேலை நாளை வேறிடம் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நமது நாட்டுக் கதையையும் பார்ப்போம். நமது தந்தையார் காலத்தில் கடைக்குக் கடை பர்மா ஷெல் மண்ணெண்ணெய் டின் இருக்கும். அந்தக் கம்பெனியை 1976-இல் அரசு எடுத்துக் கொண்டது. அதுதான் இன்றைய பாரத் பெட்ரோலியம். கோவை இருகூரில் அதன் எண்ணெய்க் கிடங்கைப் பார்க்காத லாரிக்காரர் நம் பக்கம் இல்லை. 2019 நவம்பரில் அந்த நிறுவனத்தில் அரசுக்கு இருந்த 53.29 சதவீதப் பங்கை விற்பதென்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தமும் நடந்தது. 2020 ஜூலையில், 45 வயது நிறைந்தவர்கள் விருப்ப ஓய்வு பெறலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. அப்போது அங்கே சுமார் 20,000 ஊழியர்கள்.

'விருப்பம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், கைநிறையப் பணம் வருகிறது என்று மனநிறைவோடு கையெழுத்துப் போடுகிறவர் உண்டு. புது முதலாளி வந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சிக் கையெழுத்துப் போடுகிறவரும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கையெழுத்துத்தான். 2022 மே மாதம் அரசு அந்த விற்பனையையே கைவிட்டது. விற்பனை நின்றது. அச்சத்தில் எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாலும், அவர் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

ஆட்குறைப்பு நடந்த இடங்களில் நாம் பார்த்தது ஒன்று உண்டு. போனவரை விட இருப்பவர் அதிகம் கெட்டுப் போகிறார். அடுத்த பெயர் யாருடையது என்ற நினைப்பிலேயே நாள் போகிறது. கெட்டிக்காரன் முதலில் வேறு இடம் தேடிக் கொள்கிறான். மிச்சமிருப்பவன் குறையைச் சொல்ல வாய் திறப்பதில்லை. குறையைச் சொல்ல ஆளில்லாத ஸ்தாபனம் எத்தனை நாள் தேறும்?

பெரிய கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ளக் கூடாது. நமது மண்டியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம்.

நமது தந்தையார் காலத்திலிருந்து கணக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, கம்ப்யூட்டர் பில் வந்தது. பேரேடு எழுத ஆள் தேவைப்படவில்லை. அவரை நிறுத்தியது கணக்குப்படி சரி. ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல நமக்குத் தைரியமில்லை. மகன் மூலமாகச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை வழக்கம்போல் வந்தார். இருப்பைப் பைசா சுத்தமாக முடித்தார். சாவியை மேசை மேல் வைத்தார். "தம்பி, நீங்களே கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுங்களே. இன்னொரு மாசம் உக்காந்து அந்தப் பையனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருப்பனுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் எதைச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்பது ஆறு மாதத்தில் விளங்கியது. தாளவாடிக் கடைக்காரர் ராகி அறுவடை முடிந்துதான் பணம் தருவார், கேட்காமலே தருவார். இது பேரேட்டில் இல்லை, பெரியவர் மனதில் இருந்தது. புதுப் பையன் கம்ப்யூட்டர் காட்டிய தேதிக்கு நெருக்கிக் கேட்டான். பாக்கி வந்தது. தந்தையார் காலத்து வாடிக்கை இரண்டு போய்விட்டது. மிச்சம் பிடித்த சம்பளத்தையும் இழந்த வியாபாரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம். நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே வணிகப் பெருமக்களுக்குச் சில வார்த்தைகள்.

ஆளைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால் முதலாளியே முன்கூட்டி, நேரில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வருடத்துக்கு 15 நாள் ஊதியம் என்பது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் தரவேண்டும். சட்டம் சொல்வது குறைந்த அளவுதான். அதற்கு மேல் தருவதை யாரும் தடுக்கவில்லை.

வேலை இழந்த வீட்டின் பற்று நோட்டை உடனே மூடாதீர்கள். அதற்காகக் கண்ணை மூடிக் கொண்டும் கொடுக்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஒரு வரம்பு வைத்து இரண்டு மூன்று மாதம் தாங்குங்கள். காரணத்தைக் கடையில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். வேலை கிடைத்ததும் அந்த வீடு முதலில் உங்களிடம்தான் வரும்.

மொத்தமாகப் பணம் வாங்கி வந்தவர் யோசனை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாதா? "நானும் ஒரு மளிகைக் கடை போடலாமுங்களா?" என்று கேட்டால், போட்டிக்கு வருகிறார் என்று முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் கடையில் ஒரு மாதம் உட்கார வைத்து, தேய்மானமும் பாக்கியும் எப்படி என்று காட்டுங்கள். பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

நமது பழைய கணக்கர் இப்போது நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருக்கிறார். போன தைப்பொங்கலுக்கு நேரில் போய் வந்தோம். எட்டு வருடம் தாமதித்த மன்னிப்பு அது. "அதுக்கென்னங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தாளவாடி வாடிக்கை இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.