கால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள்!

"ஏனுங்க டாக்டரு... பசங்க காலெல்லாம் நல்லாத்தானுங்களே இருக்குது? அப்புறம் எதுக்குங்க ரத்தம் எடுக்கோணும்?"

பனியன் கம்பெனி நடத்தும் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒடிசா பையனுக்கு யானைக்கால். அவனோடு ஒரே ஊரிலிருந்து வந்து, ஒரே அறையில் தங்கியிருந்த மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி!

நியாயமான கேள்விதான். ஆனால், நம்மை ஏமாற்றுவதே அந்த 'நல்லா இருக்கிற கால்'தான்.

சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பலமுறை கடிக்கக் கடிக்க, இளம்புழுக்கள் தோல் வழியே நுழைகின்றன. நிணநீர்க் குழாயில் வளர்ந்து, 6 முதல் 8 வருடம் குடித்தனம் நடத்துகின்றன. லட்சக்கணக்கான குட்டிப் புழுக்களை ரத்தத்தில் விடுகின்றன.

அதுவரை நம் எதிர்ப்புச் சக்தி என்ன செய்கிறது? சண்டைக்குப் போகத்தான் பார்க்கிறது. ஈயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. ஆனால் புழு லேசுப்பட்டதல்ல! சண்டையை அடக்கும் இன்டர்லூகின்-10 போன்ற பொருட்களை நம் உடம்பையே சுரக்க வைத்துவிடுகிறது. வாட்ச்மேனுக்கு டீயில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்துவிட்டுத் திருடன் உள்ளே போன கதைதான். அதனால்தான் ரத்தத்தில் புழு ஓடினாலும் பலருக்கு வீக்கம் இல்லை, வலி இல்லை.

சிலருக்கு வாட்ச்மேன் விழித்துக்கொள்கிறார். புழு சாகும்போது அதற்குள் வாழும் வால்பாக்கியா என்ற பாக்டீரியா வெளியே வருகிறது. எதிர்ப்புச் சக்தி ஆவேசமாகப் பாய்கிறது. நெறி கட்டுகிறது, குழாய் கெடுகிறது, நீர் தேங்குகிறது. தோல் வெடிப்பில் வேறு கிருமிகளும் புகுந்தால் அடிக்கடி குளிர்காய்ச்சல், மேலும் வீக்கம். இன்னும் சிலருக்கு இந்த ஆவேசம் நுரையீரலைத் தாக்கி, ராத்திரி இருமலாகவும் இழுப்பாகவும் வரும். ஆஸ்துமா என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஆக, வீக்கம் என்பது கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்திலேயே பிடிக்க வேண்டாமா?

பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப்பிரதேசத்தில் இந்த நோய் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வரும் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதியுங்கள் என்பது என் கருத்து. வேலையை விட்டு நிறுத்த அல்ல, குணப்படுத்த! தொட்டால் ஒட்டுகிற நோயா இது? கும்பகோணத்துக்காரர்களைக் கேலி பேசிய காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே ஒரு சூட்சுமம். குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். ஆனால் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர்களுக்கு அந்த நேரமும் மாறிவிடும்! 1881-லேயே லண்டனில் மெக்கென்சி என்ற டாக்டர், ஒரு நோயாளியின் தூக்க நேரத்தை மாற்றி இதைக் கண்டுபிடித்தார். ஆகவே ஷிப்ட் விவரத்தை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் செய்யக்கூடிய ஆன்டிஜன் பரிசோதனையும் இப்போது உண்டு.

புழு இருந்தால் டி.இ.சி. மாத்திரைதான். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன்... பச்சிலைப் பற்றை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை போட்டதும் காய்ச்சல், தலைவலி வரலாம். செத்த புழுவைப் பார்த்து வாட்ச்மேன் போடும் கூச்சல் அது! பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். பயந்து குப்பையில் போட வேண்டாம். அதிகமானால் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடுமையான நோயில் இருப்பவர்களுக்கும் கூடாது.

ஏற்கெனவே வீங்கிய காலா? தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வையுங்கள். பாதிக் காய்ச்சல் குறைந்துவிடும். குடியிருப்புச் சாக்கடையில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். பக்கத்து இலங்கை 2016-ல் இந்த நோயை ஒழித்து உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிவிட்டது. நம்மால் முடியாதா என்ன?

அந்த அம்மா கடைசியில் சம்மதித்தார்கள். சோதித்ததில் இரண்டு பையன்களுக்கு ரத்தத்தில் புழு!

கால்? அம்சமாகத்தான் இருந்தது.