மண் சோதனை இல்லாத விலைப்புள்ளி வேண்டாம்
செமோர் வட்டாரத்தில் பழைய ரப்பர்த் தோட்ட நிலங்களில் எழும் வீடுகளுக்கு, மண்ணைச் சோதிக்காமலேயே செப்டிக் தொட்டிக்கு விலை பேசுவதை இனியும் அனுமதிக்கக் கூடாது. இவ்வட்டாரம் அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளில் இறங்கும் கழிவுநீர், மண்ணில் வடிகட்டப்படாமலேயே நிலத்தடி நீரோடு கலந்துவிடும். வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுப்போன மணலில் நீர் சட்டென மறையும். பக்கத்து மனையின் களிமண்ணிலோ நாள்கணக்கில் தேங்கி நிற்கும். சோதனை ஒன்றும் பெரிய வித்தையன்று. தொட்டி நீர் மண்ணில் இறங்கும் கசிவுக்குழி அமையும் ஆழத்தில் சில துளைகள் தோண்டி, நீரூற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் ஊற்றி, நீர்மட்டம் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எதுவரை ஏறுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். இந்த அளவுகள் இல்லாமல் மூன்று குத்தகையாளரிடம் விலைப்புள்ளி வாங்கினாலும், ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலைக்கே விலை சொல்லியிருப்பார். குறைந்த தொகையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், குழி நிரம்பி வழியும்போது மறுபடியும் செலவழிக்கும். ஆகவே, கட்டட வரைபடத்தோடு மண் சோதனை அறிக்கையையும் ஈப்போ மாநகர் மன்றம் கட்டாயமாகக் கேட்க வேண்டும். தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் பெர்மிட் இல்லாத எவரையும் தொட்டி பதிக்க விடக் கூடாது. சேமிப்பைக் கரைத்து வீடு கட்டும் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சோதனைச் செலவில் மாநில அரசு கைகொடுக்க வேண்டும்.