தோட்டப் பாடசாலைகளுக்கு நூலகர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,



தோட்டப் பாடசாலைகளின் குறைகளைப் பற்றிப் பேசுவோர் கட்டடத்தையும் கணித ஆசிரியரையும் நினைவுகூர்கின்ற அளவுக்கு நூலகரை நினைவுகூர்வதில்லை என்பதனாலேயே இக்கடிதத்தை எழுதத் துணிகிறேன்.

புத்தகங்கள் நிறைந்த அலுமாரி நூலகம் ஆகிவிடாது. கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், நூல்கள் பயன்பாட்டுக்கே உரியன என்பதை முதலாவதாகவும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதை அடுத்ததாகவும் வைத்தார். பெற்றோர் விடியலிலேயே கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் புறப்பட்டுவிட, லயக் காம்பிராவில் பாடநூலன்றிப் பிறிதொரு நூலைக் காணாத பிள்ளையின் விருப்பத்தையும் தயக்கத்தையும் அறிந்து, தக்க நூலைத் தேர்ந்து கையில் கொடுத்து, வீட்டுக்கும் இரவல் தந்தனுப்பும் ஒருவர் இல்லாவிடின், அவ்விதிகள் நம் பிள்ளைகளளவில் நிறைவேறுவது எங்ஙனம்? மலையக வரலாற்றைப் போதிக்கும் ஆசிரியருக்கு எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களைத் தேடித் தரும் சகாயமும் அந்நூலகரிடமிருந்தே கிடைத்தற்குரியது.

ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்குகின்றது. சிறிய பாடசாலை ஒவ்வொன்றுக்கும் தனி நியமனம் இயலாதெனின், அயலிலுள்ள சில பாடசாலைகளுக்குப் பொதுவாகவேனும், தமிழில் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரைப் பலாங்கொடைப் பகுதிக்கு நியமிக்குமாறு சப்ரகமுவ மாகாணக் கல்வி அதிகாரிகளை வேண்டுகிறேன். நூலகப் பாடவேளையை வேறு பாடங்களுக்கு ஈடாகக் கொள்ளும் வழக்கத்தையும் அவர்கள் தடுத்தருள வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பலாங்கொடை.