கடலையில் இல்லாத கோதுமை

கடலை தின்னலாமா, கூடாதா? சீலியக் நோய் என்று வைத்தியர் உறுதிப்படுத்திய நாளிலிருந்து ஒரு நோயாளி கேட்கும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்று. விடை ஒரே சொல்லில் அடங்கும். தின்னலாம். குளுட்டன் என்னும் புரதம் கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இருப்பது. கடலை அவற்றின் இனமே அன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பயறு. இவ்வளவோடு எழுதுகோலைக் கீழே வைத்திருக்கலாம். வைக்க விடாமற் செய்தவை நமது கடைகளும் நமது சமையலறைகளுமே.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் ஒரு சிறு தேநீர்க் கடை. கனடாவிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னுடன் இருந்தாள், சீலியக் நோயாளி. கண்ணாடிப் பெட்டிக்குள் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்த கடலை குவிந்திருந்தது. அதில் மா ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று சிங்களத்தில் விசாரித்தேன். கடையின் முதலாளி சிரித்தார். வெறும் கடலைதான், மாவுக்கு இங்கே என்ன வேலை என்றார். அவள் விடவில்லை, தாளிப்பில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்கச் சொன்னாள். அவரும் சலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியாக வந்தது பெருங்காய டப்பா. கண்ணுக்கு அருகிற் பிடித்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், சேர்மானங்களின் வரிசையில், கோதுமை மா இருந்தது. எங்களைவிட அதிகம் திகைத்தவர் கடைக்காரரே. அந்த மனிதரின் நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவள் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள்.

கடலையைச் சிங்களவரும் கடல என்றே சொல்கின்றனர். பெருங்காயமும் ஏறத்தாழ அதே பெயரோடுதான் அவர்களது அடுக்களைக்குள் நுழைந்திருக்கிறது. பெயரோடு மாவும் சேர்ந்தே போயிருக்கிறது என்பதை இரு சாராருக்கும் எவரும் உரக்கச் சொல்லவில்லை.

பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் காரமும் நெடியும் கடுமையானவை என்பதால் அப்படியே விற்பதில்லை. கருவேலம் பிசினையும் ஏதாவதொரு மாவையும் கூட்டித் தூளாகவோ கட்டியாகவோ ஆக்குகிறார்கள். அந்த மா அரிசி மாவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் கோதுமை மாவாக இருக்கிறது. கடலை வாயுவை உண்டாக்கும் என்று அஞ்சித்தானே சுண்டலிற் பெருங்காயம் போடுகிறோம்? வயிறு நோகாதிருக்கச் சேர்த்த பொருளே ஒருவரின் குடலைப் புண்ணாக்குகிறது. பழியோ கடலையின் தலையில் விழுகிறது. கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை அடியோடு விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். கடலையிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் செரிக்காமற் பெருங்குடல் வரை சென்று வாயுவாவது உண்மை. ஆனால் அது வெறும் உப்பிசம். இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் பெரிதும் குறையும். சீலியக் நோய் அத்தகையதன்று. குளுட்டனைக் கண்டதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து போகின்றன. இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் வரிசையில் வருகின்றன.

"ஒரு சிட்டிகைதானே!" இந்த வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு.

கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சீலியக் நோயாளியின் குடலிற் சேதம் தெரிகிறது என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டிற்று. கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குளுட்டன் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிகிராமுக்கு அரைக் கிராம் மாப் போதும். தேக்கரண்டியின் நுனியில் ஒட்டியிருக்கும் அளவு. நால்வருக்குச் சமைத்த ஒரு சட்டிச் சுண்டலில் விழுந்த பெருங்காயம் தனியே இந்த எல்லையைத் தாண்டாதிருக்கலாம். ஆனால் காலையிற் சாம்பார், மதியம் ரசம், மாலையிற் சுண்டல், இடையில் ஒரு வடை என்று அதே டப்பா நாள்தோறும் திறக்கப்படும் வீடுகள் எத்தனை! எவ்வளவு மா கலந்திருக்கிறது என்று டப்பாவும் சொல்வதில்லை. எண்ண முடியாத ஒன்றை நோயாளி எப்படி எண்ணுவார்?

பெருங்காயமாவது சிட்டிகையோடு நின்றுவிடுகிறது. நமது யாழ்ப்பாணத்துத் தோசையைப் பாருங்கள்; உழுந்தோடு கோதுமை மாவைக் கரைக்காத வீடு குறைவு. உழுந்து வடையில் மா, முறுக்கில் மா, அவித்த கோதுமை மாவிற் பிட்டு, இடியப்பம். உழுந்தும் அரிசியும் கடலையும் இயல்பாகவே குளுட்டன் அற்றவை. நாம்தாம் அவற்றுக்குள் கோதுமையைக் கொண்டுபோய் வைத்தோம். கோதுமைப் பயிரே காணாத ஒரு நாட்டில் இது நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் 480ஆம் இலக்கப் பொதுச் சட்டம் 1954இல் வந்தது. அதன் வழியே இலங்கைக்கும் கோதுமை மா வந்திறங்கியது. 1980இல் திருகோணமலையிற் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. மலிவாகக் கிடைத்த மா பாணாகவும் ரொட்டியாகவும் மட்டும் நிற்காமல், பாட்டியின் கைப்பக்குவம் என்று நாம் பெருமைப்படும் பண்டங்களுக்குள்ளும் சத்தமின்றிக் குடிபுகுந்தது. ஏழைகளின் பசியைத் தணித்த மாவை நான் பழிக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதைத்தான் பழிக்கிறேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் நோய், நமக்கு வராது என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. இந்தியாவின் வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் 23,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. தென்னிந்தியத் தரப்பில் ஆராயப்பட்டவர்கள் வேலூர்ப் பகுதியினர். வடக்கே 1.23 சதவீதத்தினரின் இரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன, தெற்கே 0.10 சதவீதத்தினரிடமே. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்களோ இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. வேறுபட்டது தட்டு. வடக்கே நாளொன்றுக்கு ஒருவர் உண்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். அரிசியை விட்டுப் பாணுக்கும் பாஸ்தாவுக்கும் மாறிய ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கவேண்டும். கொழும்பிலும் மாத்தளையிலும் காலைக்குப் பாண், மாலைக்குப் பணிஸ், இரவுக்குக் கொத்து ரொட்டி என்று உண்பவர்களுந்தான்.

மறுபுறம், நோயே இல்லாதவர்கள் மெலிவதற்காகக் குளுட்டனைத் துறக்கும் நாகரிகமும் பரவியிருக்கிறது. அவர்களுக்காகச் சூப்பர் மார்க்கட் தட்டுகளில் இறக்குமதிப் பொதிகள் அணிவகுக்கின்றன. அரிசியும் பயறும் குரக்கனும் தின்று வளர்ந்த ஊரில், மரவள்ளிக்கிழங்கு மாவில் ஊதிய பிஸ்கட்டைப் பலமடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கட்டும், அவர்கள் பணம். ஆனால் ஐயம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் நோய் இருந்தாலும் அகப்படாமற் போகலாம்.

உண்மையான நோயாளிக்குக் கடலையைப் போன்ற நண்பன் அரிது. உலர்ந்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து, போதிய இரும்பும் ஃபோலேற்றும் உண்டு. குடல் புண்பட்டவர்களிடம் குறைந்துபோகும் சத்துகளுள் இரும்பும் ஃபோலேற்றும் முக்கியமானவை. முழுக் கடலையைக் கண்ணால் நம்பலாம். கோதுமை விளையும் நாடுகளிலேயே கடலையும் விளைவதால், ஒரே அறுவடை இயந்திரம், ஒரே களஞ்சியம் என்று சில கோதுமை மணிகள் கலந்து வரக்கூடும். சுளகில் பரப்பினால் அவை தனியே தெரியும். பொறுக்கி எறிந்து மூன்று தண்ணீரிற் கழுவினால் முடிந்தது. கடலை மாவின் கதை அப்படியன்று. மில்லில் முன்னர் அரைத்தது கோதுமையா, குரக்கனா என்று மாவைப் பார்த்து எவராலும் கூற முடியாது. கடையில் அவிழ்த்து நிறுத்துத் தரும் கடலை மாவை நோயாளி நம்பவே கூடாது. றோல்ஸ் பொரித்த தாச்சியிற் பொரித்த கடலை வடையையும் அப்படியே.

பல்லேபொலக் கடைக்காரரிடம் ஆய்வுகூடம் கேட்பது அநியாயம். கேட்கவேண்டிய இடங்கள் வேறு. குளுட்டன் அற்றது என்று விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கலாகாது என்று கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமம் வரையறுத்திருக்கிறது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அமைத்து, பொருள்களின் சுட்டுத்துண்டில் என்ன எழுதவேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்திருக்கிறது. பெருங்காய டப்பாவின் முன்பக்கத்தில், பெருங்காயம் என்ற பெயருக்கு அடுத்த வரியில், கோதுமை மா கலந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடச் சொல்ல இந்த அதிகாரம் போதும். அதற்குள் வரும் நவராத்திரிக்குச் சுண்டல் அவிக்கும் கோயிற் சபைகள், தாளிக்குமுன் ஒரு பங்கை வேறு பாத்திரத்தில், உப்பும் தேங்காய்ப்பூவும் மட்டும் சேர்த்து எடுத்து வைக்கட்டும். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு மூடியுள்ள பாத்திரமும் தனி அகப்பையும் போதும்.