ஓட மறுத்த விசிறி

சென்ற வாரம் ஒரு நாள் இரவு, நம் மேஜையடியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் திடீரென்று நின்றுபோயிற்று. முதலில் சந்தோஷமாகவே இருந்தது. அரைமணி கழித்துக் கம்ப்யூட்டர்ப் பெட்டி காலில் பட்டு வழக்கத்துக்கு மேல் சுட்டபோதுதான், நின்றது சத்தம் மட்டுமல்ல, பெட்டியின் விசிறியும்தான் என்பது விளங்கிற்று.

மறுநாள் காலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் மூடியைக் கழற்றக்கூட இல்லை. "மதர்போர்டு போய்விட்டது ஸார், மாற்றித்தான் ஆகவேண்டும்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அவர் கேட்ட தொகையில் ஒரு மாதத்து அரிசி, பருப்பு, பால் மூன்றையும் வாங்கிவிடலாம். வீட்டிலோ பிள்ளைக்குப் பரீட்சை. பாடங்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று திரும்பிவிட்டோம். 1947-ல் தேசத்துக்குச் சுயராஜ்யம் வந்தது. நம் வீட்டுப் பெட்டியின் மூடியை நாமே திறந்து பார்க்கும் சுயராஜ்யம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

பயப்பட வேண்டியது அவ்வளவாக இல்லை. பெட்டி விசிறி நின்றவுடன் கம்ப்யூட்டர் பஸ்பமாகிவிடாது. கணக்குப் போடும் சில்லுக்கு வேறொரு விசிறி உண்டு. (நம்மவர்கள் பெட்டி முழுவதையுமே 'ஸி.பி.யு.' என்கிறார்கள், உண்மையில் அப்பெயர் இந்தச் சிறு சில்லுக்கே உரியது.) உஷ்ணம் மிஞ்சினால் அந்தச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மேலும் மிஞ்சினால் யந்திரம் தானே அணைந்துவிடும். ஆனால் அதே நிலையில் மாதக் கணக்கில் ஓட்டுவது உசிதமல்ல.

பெட்டி விசிறி என்பது பெரும்பாலும் 12 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்துக்குள் 12 வோல்ட்டில் சுழலும் சிறு மோட்டார். அதிலிருந்து மூன்று கம்பிகள் வந்தால், இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது, 'நிமிஷத்துக்கு இத்தனை சுற்று' என்று மதர்போர்டுக்குத் தகவல் சொல்வதற்கு. நான்காவது கம்பியும் இருந்தால், அதன் வழியே மதர்போர்டு வேகத்தைக் கட்டளையிடும். ஆகவே விசிறி நின்றால் குற்றவாளி விசிறியாகவும் இருக்கலாம், மதர்போர்டாகவும் இருக்கலாம், வெறும் கட்டளையாகவும் இருக்கலாம். சில மதர்போர்டுகள் சூடு குறைவாயிருக்கையில் விசிறியை வேண்டுமென்றே நிறுத்திவைக்கும். பயாஸ் திரையில் விசிறியை முழு வேகத்துக்கு மாற்றிப் பார்த்து, அது ஓடினால், கோளாறே இல்லை! மின் அழுத்தத்தை மிகவும் தாழ்த்தி வைத்தாலும் விசிறி கிளம்பத் திராணியின்றி நிற்கும்.

நம் விசிறி முழு வேகக் கட்டளைக்கும் அசையவில்லை. யந்திரத்தை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம். உள்ளே நாலு வருஷத்துத் தூசி! அதை ஊதித் துடைக்கையில் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அவை தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஏதாவது ஒயர் இதழில் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை. விரலால் சுண்டிவிட்டோம். நல்ல விசிறியானால் சில சுற்றுகள் தாராளமாகச் சுற்றி ஓயும். நம்முடையது அரைச் சுற்றில் சண்டித்தனம் செய்து நின்றது.

இருந்தாலும் கடைக்காரரின் தீர்ப்பையும் பரீட்சித்துவிட வேண்டுமல்லவா? பெட்டியின் முன்புறத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு விசிறியின் ஒயரைக் கழற்றிச் சந்தேகத்துக்குரிய முனையில் செருகினோம்; அது ஓடிற்று. நோயாளியை அந்த விசிறியின் முனையில் செருகினோம். ஒரு முறை நடுங்கிற்று, அவ்வளவுதான். மதர்போர்டு நிரபராதி என்று ருசுவாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னே பிளக்கைப் பிடுங்கினோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மின்சாரம் வழங்கும் தகரப் பெட்டிக்குள்ளும் ஒரு விசிறி உண்டு. அதை மட்டும் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறியின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தால், சில ரகங்களில் ஒரு சிறு ரப்பர் மூடி தென்படும். நம்முடையதில் இருந்தது. அதைத் திறந்து தையல் மிஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டோம். வீட்டில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம் சிபாரிசுக்கு வந்தது. அது குளிரில் உறைந்து, நாளடைவில் பிசினாகிவிடும் என்று மறுத்துவிட்டோம். விசிறி ஓடிற்று, ரீங்காரம் மீண்டது, பிள்ளையும் படிக்க உட்கார்ந்தான்.

உலர்ந்துபோன பேரிங்குக்கு எண்ணெய் தற்காலிக உயிர்தான். பரீட்சை முடிவதற்குள்ளேயே, சில நூறு ரூபாயில் புதிய விசிறி ஒன்று வாங்கிவிட்டோம். காற்று எந்தப் பக்கம் போகும் என்பதற்குப் பல விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லையானால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம். அதைப் பின்புறம் நோக்கி வைத்து, நாலு திருகாணிகளையும் பிள்ளையே முடுக்கினான். புதுச் சட்டத்தின் துளைகளில் மரை இராது, திருகாணிதான் வெட்டிக்கொண்டு போகவேண்டும். ஆகையால் முதல் திருகாணிக்கு மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட நேர்ந்தது.